மலையகம் யாருடைய பெயர்?

2024ஆம் ஆண்டு இலங்கைக் குடிசனத் தொகைமதிப்பின் இனவாரிக் கணக்கைப் பார்த்தவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக ‘இந்தியத் தமிழர்’ என்று மட்டும் இருந்த இடத்தில் இப்போது ‘இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்’ என்று இரண்டு பெயர்கள் ஒரு சாய்கோட்டின் இரு பக்கமும் நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் கோப்பி, தேயிலை, இறப்பர்த் தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மக்களுக்கான வரி இது. அதற்கு நேரே 2.8 வீதம் என்று போட்டிருக்கிறது. 2012இல் அது 4.1 வீதமாக இருந்தது.

இந்த இடைவெளியில் யாரையும் கப்பலேற்றி இராமேஸ்வரத்துக்கு அனுப்பவில்லை. அது 1980களோடு நின்றுவிட்டது. அப்படியென்றால் இவ்வளவு பேர் எங்கே போனார்கள்? வேலை தேடி மத்திய கிழக்குக்குப் போனவர்கள் உண்டு, பிறப்பு வீதம் குறைந்ததும் உண்டு. ஆனால் பக்கத்து வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 12 வருடத்தில் ‘இலங்கைத் தமிழர்’ 11.1 வீதத்திலிருந்து 12.3 வீதமாகக் கூடியிருக்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் வெளிநாட்டுக்குப் புறப்படுவோர் ஓயாத ஒரு காலத்தில் இந்தக் கூடுதல் முழுவதும் அங்கிருந்தே வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, படிவம் வந்ததும் ‘இலங்கைத் தமிழர்’ என்று சொன்னவர்கள் இதில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆக, இந்த மக்களைக் குறிக்க இன்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன: இந்திய வம்சாவளித் தமிழர், மலையகத் தமிழர், இலங்கைத் தமிழர். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்), சில வேளை ஒரே வீட்டில்கூட இந்த மூன்றும் இருக்கும். அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் ‘இந்தியத் தமிழ்’ என்றும் தம்பியின் சான்றிதழில் அதே தகப்பன் ‘இலங்கைத் தமிழ்’ என்றும் இருப்பதை மலைத் தோட்ட ஊர்களான ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பதிவாளர் எழுதியதே அங்கு இனம். பிள்ளைக்குப் பெயர் வைத்தது பெற்றோர். பெற்றோருக்கு இனம் வைத்தது கந்தோர்.

‘இந்தியத் தமிழர்’ என்ற பிரிவு 1911ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில்தான் முதல்தடவையாகத் தனியாக வந்தது. அதற்கு முன்பு தமிழர் எல்லோரும் ஒரே வரிதான். 1911இல் பிரித்துப் பார்த்தபோது இந்தியத் தமிழர் சுமார் 531,000 பேர், மொத்தச் சனத்தொகையில் ஏறக்குறைய 13 வீதம். அன்றைக்கு அந்தப் பெயரில் ஓரளவு நியாயமும் இருந்தது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் பிடித்து வந்த காலம் அது. முகாமில் தங்கவைத்து, கழுத்தில் தகரத் துண்டு கட்டித் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். வந்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பிப் போனவர்களில் பலர் மறுபடி வந்தார்கள்.

ஆனால் அந்தப் பெயர் அத்தோடு நிற்கவில்லை. 1948இல் சுதந்திரம் கிடைத்த அதே வருடம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. குடியுரிமை வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும், அல்லது பாட்டன், பூட்டன் இருவரும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்த பாட்டனுக்கு எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கும்? ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வந்த அடுத்த சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தும், குடியுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்குத்தான். வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பாராளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பியிருந்தது. அதற்குப் பிறகு 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் வெல்லும்வரை இந்த மக்களின் பிரதிநிதி ஒருவர் தேர்தலில் வென்று உள்ளே போக முடியவில்லை.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். அந்த மிச்சத்தை 1974இல் இந்திரா காந்தியுடன் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருவரிடமும் எங்கே போக விரும்புகிறாய் என்று கேட்டு இந்தக் கணக்குப் போடப்படவில்லை. 1971இல் 9.3 வீதமாக இருந்த ‘இந்தியத் தமிழர்’ 1981இல் 5.5 வீதமாகச் சுருங்கியதற்கு முக்கிய காரணம் இதுதான்.

இந்தப் பின்னணியை விட்டுவிட்டு ‘பெயரில் என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ‘இந்திய’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இரண்டு நாடுகள் ஒரு மக்கள் கூட்டத்தைப் பங்கு போட்டன.

சரி, ‘மலையகம்’ எங்கிருந்து வந்தது?

அரசு கொடுத்த பெயர் இல்லை இது. தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் முட்டிமோதி மேல்படிப்புக்குப் போய், ஆசிரியர்களாகத் திரும்பி வந்த 1960களில் பரவலாகி வேரூன்றிய பெயர். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் படிப்பித்த இர. சிவலிங்கம் போன்றவர்களைச் சுற்றி ஒரு தலைமுறை எழும்பியது. பத்திரிகைகளில் எழுதினார்கள், நாடகம் போட்டார்கள், மன்றங்கள் அமைத்தார்கள். ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’, ‘வடக்கத்தியான்’ என்று சிங்களவரும் வடக்குத் தமிழரும் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் மலையகத்தார் என்று அவர்கள் சொன்னார்கள். தொழிலை வைத்தோ, பாட்டன் பிறந்த ஊரை வைத்தோ எங்களைக் கூப்பிட வேண்டாம், நாங்கள் உழைத்து உருவாக்கிய இந்த மலையை வைத்துக் கூப்பிடுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

அமைப்புகளின் பெயர்களை வரிசையாக வைத்தாலே இந்த நகர்வு தெரியும். 1939இல் நேரு வந்துபோனபோது உருவானது இலங்கை இந்தியர் காங்கிரஸ். அது 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. 1980களின் இறுதியில் பெ. சந்திரசேகரன் கட்சி தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் மலையக மக்கள் முன்னணி. இந்தியர், தொழிலாளர், மலையக மக்கள்: ஐம்பது வருடத்தில் இவ்வளவு தூரம்.

இதில் காணியும் கலந்திருக்கிறது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோது பல இடங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1977 மே மாதம், நுவரெலியாப் பகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஆட்கள் திரண்டார்கள். தலவாக்கலைக்குப் பக்கத்தில் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். மலையகம் என்று சொல்பவர்கள் இன்றும் அந்தப் பெயரை நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்த மண் எங்களுக்கும் சொந்தம் என்பதைப் பெயராகச் சொல்வதற்குக் கொடுத்த விலை அது.

மலையில் இல்லாதவர்கள்

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. இந்தச் சர்ச்சையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது உள்ளேயிருந்து வரும் கேள்விதான். களுத்துறை மாவட்டத்திலும், இரத்தினபுரியிலும், கேகாலையிலும், காலி, மாத்தறைப் பக்கமும் இதே மக்கள் இருக்கிறார்கள். இறப்பர் உயரத்தில் வளராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் காசு பார்க்கத் தொடங்கியபோது கம்பெனிகள் தாழ்ந்த பகுதிகளில் தோட்டம் போட்டன. கங்காணி அங்கேயும் ஆள் கொண்டுபோய் இறக்கினான். அவர்களின் லயமும் அதே லயம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டும் அதே பெரட்டு. ஆனால் சன்னலைத் திறந்தால் மலை தெரியாது.

அங்கே நிலைமை இன்னும் மோசம். நுவரெலியா மாவட்டத்தில் 2012 கணக்கின்படி இந்த மக்கள் பாதிக்கும் சற்று மேல். வாக்கு இருக்கிறது, அமைச்சர் வருகிறார், பிரதேச சபையில் தமிழில் பேச முடிகிறது. களுத்துறையில் சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள், நடுவில் நாலு லயம். தமிழ்ப் பாடசாலை தூரம். பல பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குப் போகிறார்கள். பேரப்பிள்ளை வீட்டில் பாட்டியோடு சிங்களத்தில் பேசும் குடும்பங்கள் அங்கே உண்டு. ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரில் திட்டங்களும் நிதியும் வரும்போது ஹட்டனோடு அவை நின்றுவிடுமோ என்று அவர்கள் கேட்பது நியாயமான பயம். இதுவரை பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

மலையகம் என்ற பெயரை ஆதரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதில்: மலையகம் வெறும் புவியியல் அடையாளம் இல்லை, வரலாற்று அடையாளம், யாழ்ப்பாணத்தார் கொழும்பில் குடியிருந்தாலும் யாழ்ப்பாணத்தார்தானே. வாதம் சரிதான். ஆனால் களுத்துறைக்காரர் ஒருபோதும் மலையில் இருந்து இறங்கி வந்தவர் இல்லை. அவருக்கு இது தன் ஊர்ப் பெயரும் இல்லை, பாட்டன் ஊர்ப் பெயரும் இல்லை. மலையகத் தமிழர் என்ற பெயரை நான் ஆதரிக்கிறேன். அப்படி ஆதரிப்பதனாலேயே, மலைக்கு வெளியே இருப்பவர்களை விளக்கம் சொல்லிச் சமாதானப்படுத்துவது போதாது என்றும் நினைக்கிறேன். பெயருக்குள் அவர்கள் இருக்கிறார்களா என்பது நிதி ஒதுக்கீட்டிலும் ஆசிரியர் நியமனத்திலும் தெரிய வேண்டும்.

கொழும்பில் கேள்வி வேறு மாதிரி. நகரசபைச் சுத்திகரிப்பு வேலைக்கும் துறைமுக வேலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களும், செட்டியார் தெருவில் கடை வைத்த குடும்பங்களும் தோட்டத்தையே பார்க்காதவர்கள். இவர்களுக்கு ‘இந்திய வம்சாவளி’ என்பது பொருத்தமாகப் படுகிறது. தோட்டப் பகுதியிலும் அந்தப் பெயரைக் கைவிட விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு: இந்திய அரசு உதவி செய்வது அந்தப் பெயருக்குத்தான். முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் நரேந்திர மோடி அறிவித்த இன்னும் 10,000 வீடுகள், 2023இல் 75 கோடி இந்திய ரூபாய் என்று வந்தவை எல்லாம் இந்திய வம்சாவளி என்ற உறவை வைத்து வந்தவை. நாடற்ற நிலையை ஒருவழியாக முடித்த 2003ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் ‘இந்திய வம்சாவளியினர்’ என்றுதான் இவர்களைக் குறிப்பிடுகிறது. லயத்துக் கூரைத் தகரம் ஓட்டையாக இருப்பவரிடம் வீடு வரும் பெயரை விட்டுக்கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உதவிக்காக வைத்திருக்கும் பெயரும் இனவாரிக் கணக்கில் தன்னை அடையாளப்படுத்தும் பெயரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வன்னியில் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குப் போனவர்கள் காடு வெட்டிக் குடியேறினார்கள். யுத்தத்தை முழுவதுமாக அனுபவித்தவர்கள் அவர்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்றே பதிகிறார்கள். ஊரில் கலந்துவிட வேண்டும் என்ற ஆசை ஒரு காரணம். ‘தோட்டக்காட்டார்’ என்று காணி விசயத்திலும் கலியாண விசயத்திலும் இன்னும் ஒதுக்கப்படுவதிலிருந்து தப்ப வேண்டும் என்பது இன்னொரு காரணம். வடக்குத் தமிழ் அரசியல் இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. 1949இல் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து தமிழரசுக் கட்சி தொடங்கியதற்குக் குடியுரிமைச் சட்டங்கள் பெரிய காரணம். 1985 திம்புப் பேச்சுவார்த்தையில் தமிழ் அமைப்புகள் இலங்கை அரசிடம் வைத்த நாலு கோரிக்கைகளில் ஒன்று எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை. அந்த வரலாறு பெருமைக்குரியது. அதைச் சொல்லிக்கொண்டே கிளிநொச்சியில் ஒரு குடும்பத்துக்குக் காணி உறுதி கொடுக்கத் தயங்குவது சரியில்லை.

‘எல்லோரும் தமிழர்தானே, ஏன் தனிப் பெயர்’ என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். தனியாக எண்ணினால்தான் வித்தியாசம் வெளியே தெரியும். நாட்டில் வறுமையும் பிள்ளைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடும் எங்கே கூட என்று கேட்டால் தோட்டத்துறை என்று அரசின் ஆய்வுகளே தொடர்ந்து சொல்லி வருகின்றன. எல்லோரையும் ‘இலங்கைத் தமிழர்’ வரியில் சேர்த்துவிட்டால் அந்த வித்தியாசம் சராசரியில் கரைந்துவிடும்.

இனிக் கண்டிச் சிங்களவரின் தரப்பு. அவர்களுக்கு அந்த மலைகள் உடரட்ட (மேல்நாடு), 1815 வரை தாங்களே ஆண்ட இராச்சியம். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஆங்கிலேயர் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் முடிக்குரிய நிலம் என்று எடுத்துக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்றபோது கிராமத்தார் இழந்தது கொஞ்சமில்லை. அந்தக் கோபம் உண்மையானது. கண்டி விவசாயிகளின் நிலையை ஆராய 1949இல் ஓர் ஆணைக்குழுவே அமைத்தார்கள். ஆனால் நிலத்தை எடுத்தது கம்பெனி. தமிழ்த் தொழிலாளிக்கு அந்த நிலத்தில் ஒரு சாண்கூடக் கொடுக்கப்படவில்லை. மலையகம் என்ற பெயரைத் தனிநாட்டுக் கோரிக்கை என்று மேடையில் பயமுறுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நோர்வூட், டன்சினன் என்று ஆங்கில, ஸ்கொட்லாந்துப் பெயர்கள் அந்த மலை முழுக்க இருக்கின்றன. அவற்றால் நாடு பிரிந்துவிடும் என்று எவரும் பயப்படவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பெயர்ச் சிக்கல் போனது. தாயகம் திரும்பியோர் என்று அனுப்பப்பட்டவர்களுக்காகத் தமிழக அரசு 1968இல் டேன்டீ என்ற தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்களும் பிள்ளைகளும் மீண்டும் கொழுந்துதான் பறித்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர்.

முகவரி

பெயர்ச் சண்டையைப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் தோட்டத்து முகவரி ஒன்றைப் பார்க்க வேண்டும். ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, பிறகு தபால் நிலையத்தின் பெயர். அவ்வளவுதான். வீட்டிலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. ஒரே பிரிவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்து கையில் கிடைத்தவர்கள், வங்கிக் கடிதத்தைப் பக்கத்து லயத்தார் பிரித்துப் படித்துவிட்டவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

முகவரி இல்லாததற்குக் காரணம் காணி இல்லாதது. லயம் கம்பெனி குத்தகைக்கு எடுத்த தோட்டத்தின் பகுதி. அதில் இருப்பவர் சட்டப்படி குடியிருப்பாளர் அல்ல, தொழிலாளி. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூடப் பிரதேச சபையால் தன் காசைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. வாக்கு வாங்கலாம், கொங்கிறீட் போட முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்று இருந்த இரண்டு பெரிய சபைகள் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சேர்த்து ஆறாக்கப்பட்டன. 2015க்குப் பிறகு ஏழு பேர்ச் காணியோடு தனி வீடு என்ற திட்டமும் வந்தது. உறுதி கையில் வந்தவர்கள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் அதிகம்.

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் புறப்பட்டது. 1823இல் கோப்பித் தோட்டத்துக்கு முதல் ஆட்கள் வந்ததிலிருந்து இருநூறு வருடம் என்று, மூதாதையர் நடந்த அதே காட்டுப் பாதையில் இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தார்கள். அவர்கள் தூக்கிய பதாகைகளில் இருந்த பெயர் ‘மலையகம் 200’. அதே வருடம் ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்டு மலையகத் தமிழர் என்ற அடையாளத்தை ஏற்றுக்கொண்டது. இப்போது அவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள். தொகைமதிப்பில் புதிய பெயர் ஏறியிருப்பது இந்த முயற்சிகள் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த பலன். நூறு வருடத்தில் இவர்கள் தாங்களே தேர்ந்த பெயர் அரசின் கணக்கில் ஏறியது இதுதான் முதல் முறை. இதைச் சின்ன விசயமாக நான் பார்க்கவில்லை.

ஆனால் சாய்கோடு இன்னும் இருக்கிறது. அதை எடுப்பதா, எடுத்தால் எந்தப் பக்கத்தை வைப்பது என்று முடிவெடுக்க அடுத்த தொகைமதிப்புவரை நேரம் இருக்கிறது. அந்தப் பேச்சில் ஹட்டன் தொழிற்சங்கத் தலைவர்களும் கொழும்புக் கல்விமான்களும் மட்டும் உட்கார்ந்தால் போதாது. களுத்துறை இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், கொழும்பில் ‘தோட்டம்’ என்று சொல்லப்படும் நெரிசலான நகரக் குடியிருப்பில் இருப்பவர், கிளிநொச்சியில் உறுதி இல்லாத காணியில் இருப்பவர் எல்லோரும் வர வேண்டும். அதுவரை பிறப்புப் பதிவு செய்ய வரும் தாய் தகப்பனிடம் பதிவாளர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்பலாம். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். பாராளுமன்றம் கூடத் தேவையில்லை.